ஆரஞ்சு மணம் எங்கே போனது? திருச்சிச் சமையலறையில் ஒரு பெஸ்தீன்யோ: நிகழ்வு ஆய்வு

பொரிக்கும்போது தெருமுனை வரை ஆரஞ்சு மணந்தது. ஆறியபின் எடுத்து வாயில் போட்டால் வறுபட்ட மாவும் கடலை எண்ணெயும்தான் தெரிந்தன. விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் ஒரு கசப்பு நின்றது. பொன்னிறமாக வரவேண்டிய பலகாரம் கருகலை ஒட்டிய பழுப்பில் இருந்தது.

செய்தவள் என் சித்தி மகள். வேலை நிமித்தம் ஸ்பெயினின் செவில் நகரில் தங்கியிருந்தபோது, அடுத்த வீட்டுப் பாட்டியின் பக்கத்தில் நின்று பெஸ்தீன்யோ என்ற அந்த ஊர்ப் பொரித்த பலகாரத்தைச் செய்யக் கற்றுக்கொண்டவள். அங்கே இருந்தவரை அவள் கையில் அது நன்றாகவே வந்திருக்கிறது. ஊர் திரும்பிய பின் கிறிஸ்துமஸுக்காகச் செய்தபோதுதான் இப்படி ஆனது. "செய்முறையில் ஒன்றைக்கூட மாற்றவில்லை அக்கா" என்றாள். அவள் சொன்னது உண்மைதான். படிகளில் எதுவும் மாறவில்லை. படிகளுக்குள் போன பொருட்கள் மாறியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் மாற்றாக எது வந்தது, வந்த பொருள் பழைய பொருளின் வேலையைச் செய்ததா என்று பார்ப்பதே இந்த ஆய்வு. சிட்ரஸ் பழ மணத்தோடு மாவைப் பொரிக்க நினைக்கும் எவருக்கும் இதில் வருகிற சிக்கல் வரும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பலகாரத்தின் இயல்பு

ஸ்பெயினின் தென்பகுதியான ஆண்டலூசியாவில் கிறிஸ்துமஸ் காலத்திலும் புனித வாரத்திலும் வீடுகளில் பொரிக்கப்படுவது பெஸ்தீன்யோ. முட்டை கிடையாது, ஈஸ்ட் கிடையாது, மாவில் சர்க்கரையும் பெரும்பாலும் கிடையாது. கோதுமை மாவு, ஆலிவ் எண்ணெய், வெள்ளை ஒயின், சோம்பின் உறவான அனீஸ் விதை, எள், கொஞ்சம் பட்டை, ஆரஞ்சு அல்லது எலுமிச்சையின் தோல். பிசைந்து, மெல்லிதாகத் தேய்த்து, சதுரமாக வெட்டி, எதிரெதிர் முனைகள் இரண்டை நடுவில் மடித்து ஒட்டிப் பொரிப்பார்கள். பிறகு தேனில் தோய்ப்பார்கள், அல்லது சர்க்கரையில் புரட்டுவார்கள். நம் கிறிஸ்துமஸ் கலகலாவை உண்டு வளர்ந்தவர்களுக்கு இதன் கடிப்பு அந்நியமாக இருக்காது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த படி முதல் படி. பிசைவதற்கான எண்ணெயைத் தோலோடு சேர்த்து முதலில் காய்ச்சுகிறார்கள். தோல் பொன்னிறமாகி விறைத்ததும் எடுத்து எறிந்துவிட்டு, அடுப்பை அணைத்து, சூடு தணியும் எண்ணெயில் அனீஸ் விதையைப் போடுகிறார்கள். ஆலிவ் எண்ணெயின் பச்சை வாடை போவதற்காக என்றுதான் அங்குள்ள பாட்டிமார்கள் காரணம் சொல்வார்கள். அந்தக் காரணம் சரி. ஆனால் அதே படி இன்னொரு பெரிய வேலையையும் செய்கிறது. பலகாரத்தில் நிற்கும் ஆரஞ்சு மணத்தில் பெரும்பகுதி இந்த எண்ணெய் வழியாகத்தான் மாவுக்குள் போகிறது.

மாறியவை

திருச்சியில் ஆலிவ் எண்ணெய்க்குப் பதில் செக்குக் கடலை எண்ணெய் வந்தது. ஒயினுக்குப் பதில் கமலா ஆரஞ்சின் சாறு. "ஆரஞ்சு மணம்தானே வேண்டும், சாறே சேர்த்தால் இன்னும் கூடும்" என்பது அவள் கணக்கு. தோலும் அதே கமலாவின் தோல். அனீஸுக்குப் பதில் நம் சோம்பு.

கடைசி மாற்றத்தை உடனே ஒதுக்கிவிடலாம். அனீஸும் சோம்பும் வேறு வேறு செடிகள் என்றாலும் இரண்டின் மணத்துக்கும் முதன்மையான காரணம் அனெத்தோல் என்ற ஒரே பொருள்தான். சோம்பு கொஞ்சம் மென்மையாகவும் பசுமையாகவும் இருக்கும், அவ்வளவே வேறுபாடு. மற்ற மூன்றும் சேர்ந்துதான் பலகாரத்தைக் கெடுத்தன. அவற்றில் முதல் குற்றவாளி சாறு.

சாறு செய்தது

ஆரஞ்சின் மணம் சாற்றில் இருக்கிறது என்று நாம் நம்புவது இயல்பு. குடிக்கும்போது மணக்கத்தானே செய்கிறது? ஆனால் ஆரஞ்சுச் சாற்றில் ஏறத்தாழ 88 சதவீதம் தண்ணீர். மீதியில் பெரும்பங்கு சர்க்கரை, ஒரு சிறு பங்கு அமிலம். மணம் தரும் எண்ணெய் குடியிருப்பது தோலின் வண்ண மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியும் சிறு சிறு புள்ளிகளில். அந்த எண்ணெயில் 90 சதவீதத்துக்கும் மேல் லிமோனீன் என்ற மணப்பொருள். அது தண்ணீரில் கரைவதில்லை என்றே சொல்லலாம். கொழுப்பில் நன்றாகக் கரையும். ஆரஞ்சுத் தோலைப் பிழிந்து பலூனை வெடிக்கவைத்து விளையாடிய குழந்தைகள் எல்லோரும் இதைப் பார்த்திருக்கிறார்கள். ரப்பரையே இளக்கும் அந்தத் துளி தண்ணீரோடு மட்டும் சேராது.

ஆகவே சாறு மாவுக்குக் கொண்டுவந்தது தண்ணீரும் சர்க்கரையும் அமிலமும்தான். அந்தச் சர்க்கரையில் பிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை கணிசமாக இருக்கிறது. சாதாரணச் சர்க்கரையைவிடக் குறைந்த சூட்டிலேயே, சுமார் 110 டிகிரி செல்சியஸிலேயே, பிரக்டோஸ் கருகிச் சிவக்கத் தொடங்கிவிடும். பொரிக்கும் எண்ணெயோ 170 டிகிரிக்கு மேல் இருக்கிறது. உள்ளே மாவு வேகும் முன்பே வெளியே நிறம் ஏறியதற்கு இதுதான் காரணம். நிறத்தைப் பார்த்துப் பயந்து சீக்கிரம் எடுத்ததால் நடுமடிப்பு வேகாமல் ரப்பர் போல இழுத்தது.

ஒயின் அங்கே செய்த வேலையை இது செய்யவே இல்லை. இனிப்பற்ற வெள்ளை ஒயினில் சர்க்கரை மிகக் குறைவு. ஆண்டலூசியாவின் ஹெரெஸ் நகரப் பக்கத்து ஃபீனோ என்ற வெள்ளை ஒயின் வகையில் ஆல்கஹால் சுமார் 15 சதவீதம் இருக்கும். ஆல்கஹால் மாவின் பசைத்தன்மை இறுகுவதைத் தடுக்கிறது. 78 டிகிரியிலேயே கொதித்து வெளியேறி, தேய்த்த மாவில் சின்னச் சின்னக் கொப்புளங்களை எழுப்புகிறது. பெஸ்தீன்யோவின் நொறுநொறுப்பு அப்படி வருவது.

வீட்டை மணக்கவைத்தது எது?

இந்தக் கேள்விதான் என்னை இதை எழுதவைத்தது. சாற்றில் அவ்வளவாக மணம் இல்லை என்றால் தெருமுனை வரை மணந்தது எது?

அவள் தோலைத் துருவி மாவிலும் ஒரு கை சேர்த்திருந்தாள். மாவில் இருந்த மணம் வெளியேறிய விதம், வாசனை எண்ணெய் ஆலைகள் வேண்டுமென்றே கையாளும் முறையேதான்: நீராவி வடிப்பு. லிமோனீன் தனியாகக் கொதிக்க சுமார் 176 டிகிரி வேண்டும். தண்ணீரோடு சேர்ந்தாலோ 100 டிகிரிக்கும் கீழேயே நீராவியோடு கூட்டாக வெளியேறிவிடும். மாவை எண்ணெயில் போட்டதும் சடசடவென்று எழும் குமிழிகள் எல்லாம் மாவிலிருந்து ஓடும் நீராவி. சாறு ஊற்றிப் பிசைந்த ஈரமான மாவில் நீராவி அதிகம். ஒவ்வொரு குமிழியும் கொஞ்சம் மணத்தைச் சுமந்துகொண்டு போகிறது. பொரித்து முடிக்கும்போது அறை முழுக்க ஆரஞ்சு, பலகாரத்தில் வெறும் மாவு.

இதிலிருந்து சமையலுக்கு ஒரு நல்ல அளவுகோல் கிடைக்கிறது. பொரிக்கும்போது வீடு அளவுக்கு மீறி மணந்தால் அதைக் கண்டு மகிழ வேண்டாம். போகக்கூடாத ஒன்று போய்க்கொண்டிருக்கிறது.

தோலை எண்ணெயில் காய்ச்சினால் மட்டும் அந்த மணம் எப்படித் தங்குகிறது? முழுவதும் தங்குவதில்லை. ஆனால் கொழுப்பில் கரைந்த மணம் நீராவியோடு அவ்வளவு எளிதில் கிளம்பிவிடாது. எண்ணெய் அதைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. அந்த எண்ணெய் மாவுத் துகள்களைச் சுற்றிப் படிந்திருக்கிறது. எனவே ஒரு கணிசமான பங்கு பொரித்த பிறகும் மிஞ்சும். மிஞ்சிய பங்கோடு, பொரித்த பின் மேலே புதிதாக ஒரு பங்கு சேர்க்க வேண்டும். அந்த இரண்டாம் பங்கைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மணத்தை நீராவியிடமிருந்து காப்பாற்றுவதற்கு மத்தியதரைக் கடலோரத்தில் வேறு வழிகளும் கண்டிருக்கிறார்கள். பெஸ்தீன்யோவுக்கு நெருங்கிய சொந்தம் என்று சொல்லத்தக்க மொராக்கோவின் ஷெபாக்கியா ரமலான் மாதப் பலகாரம். எள்ளும் சோம்பு வகையும் சேர்ந்த மாவைப் பின்னல்போல மடித்துப் பொரித்துத் தேனில் போடுகிறார்கள். ஆரஞ்சுப் பூ நீரை மாவில் சேர்ப்பதோடு நிற்காமல் தேனிலும் கலக்கிறார்கள். பொரித்தபின் கொடுக்கப்படும் மணம் அது. ஸ்பெயினின் முர்சியாவில் வழி இன்னும் விசித்திரம். எலுமிச்சைத் தோட்டங்களுக்குப் பேர்போன அந்தப் பகுதியில், எலுமிச்சை இலையை மாவுக் கரைசலில் தோய்த்துப் பொரித்துச் சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவித் தருவார்கள், பெயர் பாப்பராஹோத்தே. சாப்பிடும்போது காம்பைப் பிடித்து மாவை மட்டும் உருவிக்கொள்ள வேண்டும், இலையைத் தின்னக்கூடாது. பழமே இல்லாமல் எலுமிச்சை மணக்கிறது. நாரத்தை இலையையும் எலுமிச்சை இலையையும் இடித்து வேப்பிலைக்கட்டி செய்யும் நமக்கு, இலையில் எவ்வளவு மணம் இருக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தோலும் எண்ணெயும்

செவிலில் அவள் பயன்படுத்தியது தோல் சதையோடு இறுக ஒட்டிய ஆரஞ்சு. காய் சீவும் கத்தியால் வண்ணத்தை மட்டும் நாடாவாக எடுக்க முடியும். கமலா ஆரஞ்சின் தோல் தளர்வானது. கையால் உரித்தால் வெள்ளை நாரோடு வருகிறது. அந்த நார் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். எண்ணெயில் போட்டால் முதலில் வெடித்துத் தெறிக்கும், பிறகு வண்ணப் பகுதி மணத்தை முழுவதும் விடும் முன்பே நார் கருகும். கருகிய நாரின் கசப்பு எண்ணெயில் இறங்கி மாவெங்கும் பரவியது. நாக்கின் அடியில் நின்ற கசப்பு அதுதான்.

செக்கு எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. நான் அதை விரும்பிச் சாப்பிடுகிறவள். முறுக்குக்கும் தட்டைக்கும் அதன் வாசம் அழகு. ஆனால் மென்மையான ஒரு பழத்தோல் மணத்தைத் தாங்கிச் செல்ல அதை அனுப்பக்கூடாது, தன் மணத்தையே முன்னே நிறுத்தும். நல்லெண்ணெயும் அப்படியே. தவிர, செக்கு எண்ணெய் சுத்திகரித்த எண்ணெயைவிடக் குறைந்த சூட்டிலேயே புகையத் தொடங்கும். ஆலிவ் எண்ணெய்க்கும் சொந்த மணம் உண்டே என்று கேட்கலாம். உண்டு, ஆனால் அந்தப் பசும் மணம் ஆரஞ்சுத் தோலோடு இணங்கிப் போகிறது. நம் ஊரில் ஆலிவ் எண்ணெய்க்குக் காசு கொடுக்க மனமில்லை என்றால், மணமற்ற சூரியகாந்தி எண்ணெய் மேல். அது தோல் சொல்வதை மட்டும் திருப்பிச் சொல்லும்.

ஒப்பிட்டுப் பார்த்தது

மாவை ஒவ்வொரு முறையும் சிறு அளவாக எடுத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினோம். சாற்றை நீக்கித் தண்ணீரும் ஒரு சிறு கரண்டி வினிகரும் ஊற்றியதும் நிறம் சரியாகிவிட்டது. மணம் இன்னும் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் போட்ட திராட்சை ஒயின் இருந்தது. அதையும் ஊற்றிப் பார்க்கலாமா என்று தங்கை கேட்டாள். அதில் சர்க்கரை மிகுதி, சிவப்பும் கூட. சாற்றின் குறை அப்படியே திரும்பும் என்று வேண்டாம் என்றேன். எண்ணெயைச் சூரியகாந்திக்கு மாற்றியபோது கமலாவின் மணம் முதன்முதலாக மெல்லிதாக நாக்கில் தெரிந்தது, கூடவே கசப்பும்.

தோலுக்கு விடை சொன்னவர் சித்தி. நாங்கள் கமலாவின் உட்பக்கத்தைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "கொல்லையில் நாரத்தை காய்த்துக் கிடக்கிறது, நீங்கள் கடைப் பழத்தோடு மல்லாடுகிறீர்களே" என்றார். ஊறுகாய்க்கு என்றே நாம் ஒதுக்கிவைத்த காய். தோல் கெட்டி, சதையோடு ஒட்டியது, வண்ணப் பகுதியில் எண்ணெய் கொழிக்கிறது. வெள்ளைப் பகுதி கடுங்கசப்பு என்பதால் அதைத் தொடாமல் மேலே மட்டும் சீவ வேண்டும்; தோல் தடிமனாக இருப்பதால் அது எளிது. செவிலின் தெருக்களில் நிழல் தரும் மரங்களும் இப்படிக் கசப்பான ஆரஞ்சுதான். பறித்து அப்படியே தின்ன முடியாத அந்தப் பழம் ஆங்கிலேயர்களின் மர்மலேடு என்ற ஆரஞ்சு ஜாமுக்குப் பேர்போனது. கசக்கும் பழங்களுக்கு மணம் அதிகம் என்று விதி ஒன்றும் நான் வகுக்கவில்லை. இந்தக் காயின் தோல் இந்த வேலைக்குப் பொருந்துகிறது, அவ்வளவுதான். நாரத்தை கிடைக்காதவர்களுக்குச் சாத்துக்குடி இரண்டாவது நல்ல தேர்வு. அதன் தோலும் இறுகியது, மணம் மட்டும் சற்று அடக்கம்.

கடையில் வாங்கும் பழமானால் தோலின் மேல் மெழுகு பூசியிருக்கலாம். வெதுவெதுப்பான நீரில் தேய்த்துக் கழுவித் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டே சீவ வேண்டும். ஈரத்தோடு சூடான எண்ணெயில் போட்டால் கையில் தெறிக்கும்.

சரியாக வந்த செய்முறை

கால் கிலோ மைதாவுக்கு 65 மி.லி. சூரியகாந்தி எண்ணெய். நாரத்தை ஒன்றின் பாதித் தோலை, அல்லது சாத்துக்குடி ஒன்றின் முழுத் தோலை, நாடாவாகச் சீவி, குளிர்ந்த எண்ணெயிலேயே போட்டுச் சிறு தீயில் வைக்க வேண்டும். தோலைச் சுற்றிக் குமிழிகள் எழும். அது தோலின் ஈரம். குமிழிகள் குறைந்து, நாடாவின் ஓரம் பொன்னிறமாகி விறைக்கும் நேரத்தில் எடுத்துவிட வேண்டும். ஆண்டலூசியாவில் பலர் இன்னும் சிவக்கவிடுவார்கள். வறுபட்ட சுவை வேண்டுவோருக்கு அது பிடிக்கும். ஆரஞ்சு மணம் முதன்மையாக வேண்டும் என்றால் என் தேர்வு முன்னதாகவே எடுத்துவிடுவது. அடுப்பை அணைத்து, ஒரு தேக்கரண்டி சோம்பைப் போட்டு, எண்ணெய் அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடிவைக்க வேண்டும். மூடுவது முக்கியம்.

மைதாவில் வறுத்த எள் ஒரு மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு சிட்டிகை பட்டைத்தூள் சேர்த்து, ஆறிய எண்ணெயைச் சோம்போடு ஊற்றி முதலில் விரல்களால் பிசிற வேண்டும். புட்டு மாவு பதத்துக்கு வந்தபின்தான் தண்ணீர். சுமார் 70 மி.லி. தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வினிகர் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துத் திரட்டினால் போதும், சப்பாத்தி மாவைப் போல அடித்துப் பிசையக்கூடாது. இனிப்பில்லாத வெள்ளை ஒயின் வைத்திருப்பவர்கள் தண்ணீருக்கும் வினிகருக்கும் பதில் அதே அளவு அதை ஊற்றலாம். கொப்புளம் இன்னும் அழகாக எழும். அரை மணி நேரம் மூடிவைத்துவிட்டு, 2 அல்லது 3 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, ஆறேழு சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டி, இரண்டு எதிர்முனைகளை நடுவில் மடித்து, ஈரவிரலால் அழுத்தி ஒட்ட வேண்டும். ஒட்டாத மடிப்பு எண்ணெயில் விரிந்துவிடும்.

பொரிக்கும் சூடு 170 முதல் 175 டிகிரி. வெப்பமானி இல்லை என்றால் ஒரு துணுக்கு மாவைப் போட்டுப் பார்க்கலாம்: அடியில் ஒரு கணம் தங்கி, பிறகு குமிழியோடு நிதானமாக மேலே வந்தால் சரி. போட்டவுடனே மேலே பாய்ந்தால் சூடு மிகுதி. ஒரு ஈடு இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். சூடு குறைந்தால் எண்ணெய் குடிக்கும். அதனால் வாணலியை நிரப்பாமல் நாலைந்தாகப் போடுவதே நல்லது.

இனி அந்த இரண்டாம் பங்கு. பொரிக்கத் தொடங்கும் முன்பே, 100 கிராம் சர்க்கரையில் சாத்துக்குடி ஒன்றின் வண்ணத் தோலை நுண்மையாகத் துருவிப் போட்டு, சர்க்கரை ஈரமணல் போல ஆகும்வரை விரலால் தேய்த்து மூடிவைக்க வேண்டும். சர்க்கரையின் கூர்மை தோலின் எண்ணெய்ப் புள்ளிகளைக் கிழித்து எண்ணெயைத் தன்மேல் ஏற்றிக்கொள்ளும். பலகாரத்தை வாணலியிலிருந்து எடுத்த கையோடு இதில் புரட்டக்கூடாது. கையில் பிடிக்கும் சூட்டுக்கு வந்த பிறகே புரட்ட வேண்டும், இல்லையென்றால் இந்த மணமும் பறந்துவிடும். தேன் முறையை விரும்புவோர் 150 கிராம் தேனில் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு இளக்கி, அடுப்பிலிருந்து இறக்கிய பின்பு துருவலைக் கலந்து தோய்க்கலாம். கொதிக்கும் தேனில் துருவலைப் போடுவது வீண்.

நாரத்தை எண்ணெயும் சாத்துக்குடிச் சர்க்கரையும் சேர்ந்து செய்த ஈடு வந்தபோது வீட்டில் பெரிதாக மணம் எழவில்லை. கடித்தபோதுதான் எழுந்தது. முதலில் சர்க்கரையின் கூர்மையான மணம், மெல்ல மெல்ல உள்ளிருந்து நாரத்தையின் ஆழ்ந்த மணம். தங்கை ஒன்றும் சொல்லாமல் இரண்டாவதை எடுத்தாள். செவில் பாட்டியின் பலகாரம் இதுவே அல்ல. ஆலிவ் எண்ணெயின் பசுமை இதில் இல்லை, நாரத்தையின் கனம் அதில் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே வழியில் மணக்கின்றன.

வைத்திருப்பது

காற்றுப் புகாத டப்பாவில் பொரித்த பலகாரம் மொறுமொறுப்புடன் ஒரு வாரம் வரை இருக்கும். உள்ளே எண்ணெயில் கரைந்த மணம் மெதுவாகத்தான் குறைகிறது. மேலே பூசிய சர்க்கரையின் மணம் ஓரிரு நாளில் மங்கிவிடுகிறது. தேனில் தோய்த்தது மணத்தை இன்னும் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது, ஆனால் மறுநாளே மொறுமொறுப்பு தளர்கிறது. அதனால் தங்கை இப்போது முன்கூட்டியே வெறும் பலகாரமாகப் பொரித்து டப்பாவில் அடைத்துவிடுகிறாள். சர்க்கரையோ தேனோ, அது பரிமாறும் நாள் காலையில்தான்.